எடுத்தாளலும் மறைத்தலும்: மாணவர் ஒப்படைப்பு, இசைத்துண்டு, சித்தன்னவாசல்

பள்ளி மாணவர் ஒருவர் உரைநூலிலிருந்தோ இணையத்திலிருந்தோ நான்கு பத்திகளை அப்படியே பெயர்த்தெழுதி, அடியில் தம் பெயரையும் வகுப்பையும் குறித்து ஆசிரியரிடம் கொடுத்தால் அது எழுத்துத் திருட்டு எனப்படுகிறது. இசையமைப்பாளர் ஒருவர் முப்பதாண்டுப் பழைய ஒலிப்பதிவிலிருந்து நான்கு விநாடிகளை வெட்டியெடுத்துத் தம் பாட்டின் அடித்தளமாக வைத்தால் அது சாம்பிளிங் எனப்பட்டு, பல நேரங்களில் பாராட்டும் பரிசும் பெறுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, இசையில் கலையாக ஏற்கப்படுவது கல்வியில் மட்டும் குற்றமாவது எப்படி என்று கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதட்டலே. வினா அதட்டி அடக்கத்தக்கதன்று. அதற்கு விடை காணாத கல்விமுறை, மாணவரைத் தண்டிக்கலாமே தவிரத் திருத்த இயலாது. எடுக்கும் செயல் இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றே என்பதையும், அச்செயலால் யாருக்கு என்ன கடன் ஏற்படுகிறது என்பதிலேயே இரண்டும் பிரிகின்றன என்பதையும் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம். இசையமைப்பாளர் மூலத்தைப் படைத்தவருக்குக் கடன்படுகிறார். மாணவர் தம் எழுத்தைப் படிக்கும் ஆசிரியருக்குக் கடன்படுகிறார்.

எழுத்துத் திருட்டு என்பது பிறருடைய சொல், கருத்து, தரவு, வரைபடம் ஆகியவற்றுள் எதையேனும் எடுத்து, எடுத்த இடத்தைச் சொல்லாமல், தம்முடையதாகக் காட்டுவது. இவ்வரையறையில் எடுத்தல், காட்டுதல் என இரு செயல்கள் அடங்கியுள்ளன. குற்றம் பின்னதைச் சார்ந்தது. சாம்பிளிங்கோ, ஒரு பாட்டின் மெட்டைக் கேட்டு அதுபோலப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதிலிருந்து வேறுபட்டது: முன்பே பதிவான ஒலியையே, பாடகரின் மூச்சும் கூடத்தின் எதிரொலியும் உட்பட, துண்டாக வெட்டியெடுத்து, வேகத்தையும் சுருதியையும் மாற்றியோ மாற்றாமலோ புதிய பாட்டுக்குள் பொருத்துவது. ஆதலால் ஒரே துண்டில் இருவேறு உரிமைகள் தொடப்படுகின்றன: மெட்டையும் வரிகளையும் இயற்றியவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவை உருவாக்கியவரின் உரிமை மற்றொன்று.

1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் முதலிய டி.ஜே.க்கள், ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஆடுவோருக்கு நீண்ட தாளமாக்கினர். 1980களின் பிற்பகுதியில் எஸ்.பி.1200, அக்காய் எம்.பி.சி.60 ஆகிய கருவிகள் வந்தபின் இதே வேலையை ஒரு மேசையின் மேல் விரல்நுனியால் செய்ய முடிந்தது. வறிய இளைஞர்கள், வாத்தியக்குழுவுக்குக் கூலி கொடுக்க வழியில்லாத நிலையில், தம் பெற்றோரின் இசைத்தட்டுகளிலிருந்தே ஒரு புதிய இசையை எழுப்பினார்கள் என்பதை மறந்துவிட்டு இக்கலையைத் திருட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநீதி. ஆனால் மறுபக்கமும் உண்டு. தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் பதிந்த ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் என்பவர் தனியாக வாசித்த ஏறத்தாழ ஆறு விநாடி டிரம்ஸ் தாளம், பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அதற்காக எதுவும் பெறாமலேயே கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் இசை அன்பர்கள் நன்கொடை திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சுமார் 24,000 பவுண்டு அளித்தனர். அப்பணம் வந்தபோது வாசித்த கை இல்லை.

தமிழ்த் திரையிசைக்கும் இதில் பங்குண்டு. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பின் முதற்பாடல், 1991இல் வந்த ‘தளபதி’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் தாளத்தை அடியில் வைத்து எழுகிறது. மூலத்தின் பெயர் தொகுப்பின் குறிப்பில் இடம்பெற்றது. தாயின் பெயரைத் தாங்கிய ஒரு தொகுப்பில், புலம்பெயர்ந்த தலைமுறை ஒன்று தன் வீட்டில் ஒலித்த பாட்டையே கல்லாக எடுத்துச் சுவர் கட்டியிருக்கிறது என்று அதைக் கேட்பது தகும்.

இவ்வகை எடுத்தாளலை நீதிமன்றங்கள் அளந்த விதம், மாணவரின் வினாவுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 2005இல் தீர்ப்பான பிரிட்ஜ்போர்ட் வழக்கில், இரண்டு விநாடி கிதார் ஒலிக்குக்கூட உரிமம் வேண்டும் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2016இல் மடோனாவின் ‘வோக்’ பாடலில் இருந்த 0.23 விநாடி ஊதுகருவி ஒலியைப் பற்றிய வழக்கில் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கேட்போர் அடையாளம் காண முடியாத அளவு சிறியது உரிமை மீறலாகாது என்று நேர்மாறாகக் கூறியது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் பதிந்த இரண்டு விநாடித் தாளம் பற்றிய நெடிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் வகுத்த விதி இவற்றுக்கு இடைப்பட்டது: எவ்வளவு சிறிய துண்டாயினும் அனுமதி வேண்டும், ஆனால் செவிக்கு அடையாளம் தெரியாதபடி முற்றிலும் மாற்றப்பட்டிருந்தால் வேண்டா.

இந்தக் கடைசி விதியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால், இரு துறைகளும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கின்றன என்பது உடனே விளங்கும். இசையில் அடையாளம் தெரியாமல் மாற்றுவது எடுத்தவரை விடுவிக்கிறது. ஒப்படைப்பில் அடையாளம் தெரியாமல் மாற்றுவது குற்றத்தை இன்னும் கனமாக்குகிறது. பிறர் பத்தியை எடுத்து, ‘மன்னன்’ என்ற இடத்தில் ‘அரசன்’ என்றும், ‘சிறப்பு வாய்ந்த’ என்ற இடத்தில் ‘புகழ்பெற்ற’ என்றும் மாற்றித் தரும் மாணவர், ஈயடிச்சான் காப்பி அடித்த மாணவரைவிட அதிகம் உழைத்திருக்கிறார். ஆனால் அவ்வுழைப்பு முழுவதும் மூலத்தை ஒளிப்பதற்கே செலவாகியிருக்கிறது. வரிக்குவரி பெயர்த்தவர் சோம்பல்பட்டார் என்று சொல்லி மன்னிக்க இடமுண்டு. ஒளித்தவருக்கு அந்த இடமும் இல்லை.

பெயர் சொல்வது பற்றியும் இரு துறைகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. 2024இல் வெளிவந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு’ பாட்டு பயன்பட்டபோது, இளையராஜாவின் பெயர் திரையில் நன்றியோடு குறிக்கப்பட்டிருந்தும், அனுமதி பெறவில்லை என்று அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு சென்றது. உரியவர்களிடம் உரிமை பெற்றதாகத் தயாரிப்பாளர் தரப்பு கூறியது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பொருளன்று. இசை உலகில் பெயர் சொல்வது மரியாதை; அனுமதி பெறுவதே கடமை. ஒப்படைப்பிலோ அனுமதி யாரும் கேட்பதில்லை. திருக்குறளுக்கு உரையெழுத மு. வரதராசனார் உரையை எடுத்தாளும் மாணவர் எந்தப் பதிப்பகத்துக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை, அவர் பெயரைச் சொன்னால் போதும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இதை வெளிப்படையாகவே ஏற்கிறது: கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறலாகாது என்று அதன் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது, தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்து விற்ற கடைக்கு எதிராகப் பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கிலும் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் அவ்விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. ஆக, சட்டம் மாணவருக்குப் படியெடுக்கும் உரிமையைத் தாராளமாகத் தருகிறது. அதே படியைத் தம் எழுத்து என்று காட்டும்போதுதான் பள்ளி தடுக்கிறது. எழுத்துத் திருட்டைப் பதிப்புரிமை மீறலோடு சேர்த்துக் குழப்புவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். மூல ஆசிரியரே மனமுவந்து, ‘என் கட்டுரையை உன் பெயரில் கொடுத்துக்கொள்’ என்று அனுமதி தந்தாலும், அண்ணன் தங்கைக்கு எழுதிக் கொடுத்தாலும், ஒப்படைப்பு பொய்யாகவே இருக்கும். ஏனெனில் அங்கே பொருள் பறிகொடுத்தவர் எவருமில்லை, ஏமாற்றப்பட்டவர் ஆசிரியர்.

ஒப்படைப்பு என்பது என்ன என்று கேட்டால் இது மேலும் தெளிவாகும். பாட்டு கேட்போருக்காக ஆக்கப்படுகிறது. கேட்டவர் மகிழ்ந்தால் பாட்டு தன் வேலையை முடித்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதும் ‘நம் ஊர் வரலாறு’ என்ற கட்டுரைக்காக உலகம் காத்திருக்கவில்லை. அதைவிட நல்ல கட்டுரைகள் நூலகத்தில் உள்ளன. அம்மாணவி எதைப் புரிந்துகொண்டார், எங்கே தடுமாறுகிறார், அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் அறிவதற்கான சான்று அது. பிறர் எழுத்து அங்கே நுழைந்தால் சான்று பழுதாகிறது. பிறருடைய இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய சோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மருந்து எழுதுவதைப் போன்றது அதன்பின் நடக்கும் கற்பித்தல்.

இதனால் பார்த்தெழுதுவதே கல்விக்குப் பகை என்று கொள்வது பெரும்பிழை. கருநாடக இசை கற்கும் குழந்தை, புரந்தரதாசர் வகுத்தவை என மரபு கூறும் சரளி வரிசைகளையும் அலங்காரங்களையும் குரல் பிசகாமல் ஆசிரியரைப் பின்பற்றிப் பாடுகிறது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, ஏனெனில் அது பாடமுறை என்பது பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். இரட்டைக்கோட்டு நோட்டில் காப்பி எழுதுவதும், செய்யுளை மனப்பாடம் செய்வதும் அத்தகையனவே. மறைவு இல்லாத இடத்தில் படியெடுத்தல் பயிற்சியாகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் சமணக் குடைவரைக் கோயிலுள்ள சித்தன்னவாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. அன்னவாசலைக் கடந்து சென்றால் வரும் குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில், கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக ஓர் இசைக் கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது. மத்தியமகிராமம், சட்சகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்னும் ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள், நான்கு நான்கு சுரங்கள் சேர்ந்த தொகுதிகளாக வரிவரியாக அமைந்துள்ளன. எழுத்தமைதியைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்படும் இக்கல்வெட்டை 1904இல் எச். கிருஷ்ண சாஸ்திரி கண்டறிந்தார். அதன் முடிவுக்குறிப்பு இரண்டு செய்திகளைத் தருகிறது: இச்சுரக்கோவைகள் மாணவர்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டன, செய்தவர் உருத்திராசாரியரின் மாணாக்கராகிய, சிவபத்தி மிக்க ஓர் அரசர். அரசர் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை வேறுபடுகின்றனர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்று சொல்வோரும் அதை மறுப்போரும் உள்ளனர். ஏன் இந்த ஐயம் எழுகிறது என்பதே கவனிக்க வேண்டியது. அரசர் தம் பெயரை வெட்டவில்லை. தம் ஆசிரியர் பெயரை வெட்டியிருக்கிறார். யாரிடம் கற்றார் என்பது பாறையில் நிற்கிறது. மாணவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு பாடத்தில், எழுதியவர் தாமும் ஒரு மாணவர் என்று கையொப்பமிட்டிருப்பதை, எழுத்துத் திருட்டைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வகுப்பறையிலும் சொல்லலாம்.

நூல் செய்வோர்க்கும் தமிழ் மரபு இக்கடமையை வகுத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. பிறர் நூலிலிருந்து நூல் பிறப்பதை அது இயல்பாகவே கொள்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், சிறப்புப்பாயிரத்தில், அதாவது ஒரு நூலுக்கே உரிய முன்னுரையில், சொல்லப்பட வேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வழியை வைக்கிறது. எந்த நூலின் வழியே இந்நூல் வந்தது என்பதைச் சொல்லாத பாயிரம் குறையுடையது. பழஞ்சூத்திரங்களை அப்படியே எடுத்து வைப்பதற்கும் அது காரணம் கூறுகிறது: முன்னோரின் பொருளோடு சொல்லையும் போற்றுவது ஒன்று, முன்னோரிலிருந்து வேறான நூல் செய்ததாகக் காட்டிக்கொள்ளும் எண்ணம் தமக்கில்லை என்று அறிவிப்பது மற்றொன்று. சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் ஒரு குறளை ஏறத்தாழ முழுமையாகவே எடுத்து வைத்து, அது பொய்யாத புலவர் ஒருவரின் சொல் என்று கதைக்குள்ளேயே சுட்டிவிடுகிறார்.

இது கற்றோர் மரபு மட்டுமன்று. சந்தையில் காலணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களிலும் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் இதே ஒழுக்கம் இருந்தது. புதிய பாட்டு ஒவ்வொன்றின் தலைப்பிலும், இது இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிடுவது வழக்கம். இந்துஸ்தானி மெட்டாயினும், பார்சி நாடக மெட்டாயினும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டாயினும் மூலம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சுப்பிரமணிய பாரதியும் நந்தனார் கீர்த்தனைகளின் மெட்டில் அரசியல் பாட்டுகள் இயற்றினார். கேட்போர் பழைய மெட்டை அறிந்திருந்ததால்தான் புதிய சொல்லின் கூர்மை அவர்களைத் தைத்தது. மூலத்தை வெளிப்படுத்துவது அங்கே சுமையாக இருக்கவில்லை. பாட்டுக்கு அது வலிமை சேர்த்தது. பின்னாளில் திரைப்பாட்டுப் புத்தகங்களிலிருந்து இவ்வழக்கம் மறைந்தது ஓர் இழப்பே.

மரபைச் சுட்டுவதும் ஆளைச் சுட்டுவதும் ஒன்றல்ல என்பதை ‘பொன்னியின் செல்வன் 2’ (2023) படத்தின் ‘வீரா ராஜ வீரா’ பாட்டு வழக்கு உணர்த்துகிறது. பாட்டு தாகர்வாணி துருபத் மரபைத் தழுவியது என்று குறிப்பு இருந்தது. ஆனால் அது தம் தந்தையும் பெரியதந்தையுமாகிய இளைய தாகர் சகோதரர்கள் இயற்றிய ‘சிவ ஸ்துதி’ என்று உஸ்தாத் வாசிஃபுதீன் தாகர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, அச்சகோதரர்களின் பெயரைச் சேர்க்கவும் 2 கோடி ரூபாய் வைப்பாகச் செலுத்தவும் இடைக்கால ஆணையிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் பாடியதாலேயே அவர் இயற்றியதாக முதல்நோக்கில் கொள்ள இயலாது என்று அந்த ஆணையை நீக்கியது. வாய்மொழியாகக் கையளிக்கப்பட்டு வந்த இசையில் மூலவரைக் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று. ஒப்படைப்பு எழுதும் மாணவருக்கு இந்தக் கடினம் இல்லை. எந்த நூலின் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார் என்பது அவருக்கே தெரியும்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில் இவ்விவாதத்துக்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. அதன் அர்த்தமண்டப விதானத்திலுள்ள தாமரைக் குளம், தீர்த்தங்கரர் அறவுரை நிகழ்த்தும் சமவசரணம் என்னும் தெய்விக அவைக்குச் செல்வோர் கடக்கும் நீர்நிலை என்று விளக்கப்படுகிறது. மீனும் அன்னமும் யானையும் எருதும் நிறைந்த நீரில் இறங்கி மூவர் பூப்பறிக்கின்றனர். புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில் நடந்த ஆய்வில், விதானத்தின் ஒரு பகுதியில் இப்போதுள்ள ஓவியத்தின் கீழே அதற்கு முந்திய ஒரு பூச்சும், கம்பளம் போன்ற வடிவமைப்புக் கொண்ட பழைய ஓவியமும் இருப்பது தெரிந்தது. பழைய கோயிலின் மேல் பின்னோர் கைவைத்திருக்கின்றனர் என்பதற்கு அது ஒரு சான்று. யார் கைவைத்தார் என்பதைக் குடைவரையின் முகப்பை ஒட்டித் தென்பகுதிப் பாறையிலுள்ள தமிழ்ப் பாடல் கல்வெட்டு சொல்கிறது: பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எடுப்பித்தார். கல்வெட்டு அவரைக் கோயிலைக் குடைந்தவராகக் காட்டவில்லை. இருந்ததைப் புதுப்பித்தார், இல்லாததைச் சேர்த்தார் என்று இரண்டையும் பிரித்தே பதிகிறது. எடுத்தது எது, சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டும் இந்த ஒழுங்கையே இன்றைய ஆய்வுநெறி மேற்கோள் குறிகளாலும் அடிக்குறிப்பாலும் கேட்கிறது.

இதே கோயில், மூலம் சொல்லாமல் படியெடுப்பதால் விளையும் கேட்டுக்கும் இலக்கணமாக நிற்கிறது. து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராயும் இவ்வோவியங்களை உலகுக்கு அறிவித்தபோது, குடைவரையின் அமைப்பையும் முதலாம் மகேந்திரவர்மனின் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டத்தையும் சமண சமயத் தொடர்பையும் கருதி, அவை அம்மன்னன் காலத்தவை என்ற கருத்து எழுந்தது. 1920ஆம் ஆண்டை ஒட்டிக் கிடைத்த சான்றுகளின் அளவில் அது மதிக்கத்தக்க ஊகம். இளங்கௌதமன் கல்வெட்டு படிக்கப்பட்டபின் இன்று காணும் ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்ற முடிவு வலுப்பெற்றது. எனினும் நூறாண்டு கழித்தும், கையேடுகளிலும் மாணவர் ஒப்படைப்புகளிலும் மகேந்திரவர்மனே ஓவியங்களுக்கு உரியவராக நீடிக்கிறார். காரணம் எளிது. துப்ராய் சொன்னார் என்ற குறிப்போடு அச்செய்தி கைமாறியிருந்தால், அவருக்குப்பின் வந்தவர் என்ன சொன்னார் என்று தேடும் வழி திறந்திருக்கும். பெயர் உதிர்ந்து வெறும் உண்மையாகத் தோன்றியபின் அதைக் கேள்வி கேட்பதற்குப் பிடி இல்லாமற் போயிற்று. எழுத்துத் திருட்டு மூல ஆசிரியரின் பெயரை மட்டும் பறிப்பதில்லை. பிழையைத் திருத்தும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. சாம்பிளிங்கில் இத்தகைய இழப்பு நேர்வதில்லை, ஏனெனில் தாளத்தில் உண்மை பொய் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மாணவர் ஏன் மறைக்கிறார் என்பதை நேர்மையாக ஆராய்ந்தால், பழி முழுவதையும் அவர் தலையில் கட்ட முடியாது. தேர்வில் உரைநூலின் விடையை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண், சொந்தச் சொல்லில் எழுதினால் குறைவு என்ற அனுபவத்தோடு வளர்ந்த குழந்தைக்கு, ஒப்படைப்பில் மட்டும் அதே செயல் குற்றம் என்று சொல்வது புரியாது. தமிழ்நாட்டில் 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தபோது, 60 மதிப்பெண் பருவத்தேர்வுக்கும் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கும், அதாவது செயல்பாடு, செயல்திட்டம், சிறுதேர்வு ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டன. மனப்பாடத்திலிருந்து விடுவிக்கும் நல்ல நோக்கம் அது. ஆனால் எழுதுபொருள் கடைகளில் தலைவர்கள், விலங்குகள், நினைவுச்சின்னங்கள் என்று அச்சடித்த படத்தாள்கள் பின்புறக் குறிப்போடு விற்கப்பட, அவற்றை வெட்டிச் சார்ட்டில் ஒட்டுவதே பல வீடுகளில் செயல்திட்டம் என்றாயிற்று. ஒட்டுவதும் பெரும்பாலும் தாயின் வேலை. மேல்நிலை வகுப்புகளில் செய்முறைப் பதிவேடு, முந்திய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவீடுகள் உட்பட இறங்குகிறது. ஊசலின் அலைவு நேரத்தை அளக்காமலேயே அளந்ததாக எழுதும் மாணவர், அறிவியலின் முதற்பாடமாகிய கண்டதைக் கண்டபடி சொல்லுதலை இழக்கிறார். இதுவே எழுத்துத் திருட்டின் மிகக் கொடிய வடிவம். இதைப் பற்றியே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

உயர்கல்வியில் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஒப்புமையை விழுக்காட்டால் அளக்கிறது: 10 வரை தண்டனை இல்லை; 10க்கு மேல் 40 வரை திருத்தித் தர வேண்டும்; 40க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை; அதற்கு மேல் பதிவு நீக்கம். தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை பொதுவழக்காக ஒத்துப்போவதை அது கணக்கில் கொள்வதில்லை. அளவுகோல் ஒன்று தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இசைவழக்குகளில் விநாடிகளை எண்ணிய நீதிமன்றங்கள் எந்த இக்கட்டில் சிக்கினவோ அதே இக்கட்டு இங்கும் உண்டு: கவனக்குறைவால் மூலக்குறிப்பு விட்டுப்போன ஐந்து விழுக்காட்டையும், வேண்டுமென்றே ஒளித்துவைத்த ஐந்து விழுக்காட்டையும் எண் வேறுபடுத்தாது, மென்பொருள் காட்டும் ஒப்புமையைக் கண்ட மாணவர் சொற்களை மட்டும் மாற்றப் பழகுகிறார். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் ஒப்புமை தேடும் மென்பொருளின் பயன் இன்னும் சுருங்கிவிட்டது. அது தரும் பத்திக்கு ஒப்பான மூலப்பத்தி எங்கும் இராது, ஆனால் எழுதியவர் மாணவர் அல்லர் என்ற உண்மை மாறாது.

ஆதலால் வழி வேறிடத்தில் இருக்கிறது. அன்னவாசல் வட்டாரப் பள்ளி ஒன்றில் ‘சித்தன்னவாசல்’ என்று ஒரே சொல்லில் தலைப்புக் கொடுத்தால் முப்பது மாணவரும் ‘தென்னிந்தியாவின் அஜந்தா’ என்று தொடங்கும் ஒரே பத்தியையே தருவார்கள். சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் குகையிலுள்ள கற்படுக்கைகளை எண்ணி அளந்து, எந்தப் படுக்கையில் எழுத்து தெரிகிறது என்று வரைந்து வரச் சொன்னால், பார்த்தெழுத மூலம் எளிதில் கிடைக்காது. மகேந்திரவர்மன் என்று சொல்லும் ஒரு நூலையும் பாண்டியர் காலம் என்று சொல்லும் ஒரு நூலையும் கொடுத்து, இரண்டும் எந்தச் சான்றை வைத்துப் பேசுகின்றன என்று எழுதச் சொன்னால், எடுத்தாளாமல் விடையே எழுத முடியாது. பெயர் சொல்லாமல் எடுத்தாளவும் முடியாது. ஒப்படைப்பு நோட்டையும் இவ்வாறே பிரிக்கலாம்: இடப்பக்கத்தில் எடுத்தது, நூற்பெயரும் பக்க எண்ணும் சேர்த்து. வலப்பக்கத்தில் அதைப் பற்றி மாணவர் கண்டதும் எண்ணியதும். இடப்பக்கம் நிறைந்திருப்பதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. நிறையப் படித்ததற்கு அது அடையாளம். ஆசிரியர் வகுப்பில் சொல்லி எழுதவைக்கும் குறிப்புகளின் தலைப்பிலும் எந்த நூலிலிருந்து அவை எடுக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும், ஏனெனில் மூலம் சொல்லாத எழுத்தை மாணவர் முதன்முதலில் காண்பது பெரும்பாலும் கரும்பலகையில்தான். இவற்றுக்கு அரசாணை தேவையில்லை; வளரறி மதிப்பெண்ணில் ஒரு பகுதியை மூலக்குறிப்புக்கு ஒதுக்குவதைத் தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்களும் கூடிப் பேசி வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.